பதினேழாம் லைன்

முத்தாலம்மன் தெருவுக்கு அந்த மிக்சிங் போர்டு வந்து இறங்கிய நாளில், அதை இறக்கிய லாரிக்காரரிலிருந்து அதற்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்த ஸ்டுடியோ முதலாளி வரை யாருக்கும் தெரியாது, இனிமேல் இந்தத் தெருவில் யார் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்யப் போகிறதென்று. கடல் தாண்டி எங்கோ மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த போர்டு அது. இரட்டைக் கட்டில் அகலம். சாரல் ஸ்டுடியோவின் வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு பாட்டில் எத்தனை கருவி உண்டோ அத்தனைக்கும் அதில் ஒவ்வொரு லைன் இருந்தது, ஒவ்வொரு லைனின் அடியிலும் மேலும் கீழும் நகர்த்த ஒரு ஃபேடர் இருந்தது, ஃபேடரை மேலே தள்ளினால் வயலினோ வீணையோ முன்னால் வந்து நிற்கும், கீழே இழுத்தால் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, அந்தக் கோட்டில் எல்லா ஃபேடரும் நின்றால் பெரியவன் சின்னவன் என்று யாரும் இல்லை. போர்டின் எர்த் கம்பியைத் தெருவின் அடிபம்புக் குழாயில் கொண்டுபோய்க் கட்டியதால்தான் எல்லாம் நடந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு. தெரு அதைப் பற்றி ரொம்ப நாள் யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். போர்டைப் பார்த்துக்கொள்ள வந்த இன்ஜினியர் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி, தெருவிலேயே ஒரு மாடி போர்ஷனில் குடியிருப்பவள், முதல் பாட்டின் மிக்சிங்கில் ஆறாம் லைனில் இருந்த புல்லாங்குழலைக் கீழே இழுத்தாள்; அதே நொடியில் தெருவில் ஆறாம் நம்பர் வீட்டுக் குக்கரின் விசில் பாதியில் நின்றது, மனைவியைத் திட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் வாய் அசைந்ததே தவிர வார்த்தை வரவில்லை, வேலைக்குக் கிளம்பி வடபழனி தாண்டிப் போய்விட்ட அவர்களுடைய மகன் பஸ்ஸில் டிக்கெட் கேட்க முடியாமல் கையைக் காலை ஆட்டினான். மத்தியானம் வல்லி புல்லாங்குழலை மேலே தூக்கியதும் விசிலும் திட்டும் திரும்பி வந்தன. அடுத்த நாள் வேறு வீடு, அதற்கடுத்த நாள் வேறு வீடு. கதவு எண்ணும் லைன் எண்ணும் ஒன்றுதான் என்பது வாரக் கடைசிக்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூன்று மாவு மில்லுக்கு, நான்கு தையல்கடைக்கு, ஒன்பது டாக்டர் சுகிர்தாவின் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் அங்கே வந்து படுக்கிறவர்களுக்கும். பதினேழாம் நம்பர் மனை மட்டும் காலியாக, முள்செடியும் பழைய டயரும் அடைந்து கிடந்தது. சும்மா கிடந்த அந்த லைனைப் பதினாறாம் வீட்டுப் பிலோமினாவின் தொண்டை எடுத்துக்கொண்டது. வீட்டுச் சாமான்களும் வீட்டு மனுஷர்களும் பதினாறில், அவளுடைய தொண்டை தனியாகப் பதினேழில். ஒரு வீட்டுக்குள் அடங்காத குரல் அது; பக்கத்து மனைக்கும் பாய்ந்ததில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை.

ஒரு மாதத்துக்குள் தெரு இதை மெட்ரோ தண்ணீர் வருகிற நேரத்தைப் போல எடுத்துக்கொண்டது. மிக்சிங் நடக்கும் பொழுதில் யாரும் முக்கியமான பேச்சைத் தொடங்குவதில்லை; பெண் பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்; மற்ற நாளில் வந்தே தீருவோம் என்றவர்களுக்காக வல்லியின் ஜன்னலுக்குக் கீழே நின்று, எங்க வீட்டைக் கொஞ்சம் தூக்கி வையம்மா என்று கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் வல்லி எல்லா ஃபேடர்களையும் வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவருவாள். அப்போது தெருவின் சத்தங்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் அதனதன் இடத்தில் வந்து உட்காரும், அதைக் கேட்டுத்தான் வீடுகளில் விளக்கேற்றுவார்கள். ஒரு வீட்டுக் குரலும் இன்னொரு வீட்டுக் குரலை மிதிக்காத அந்த நேரத்தில் தெருவுக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

போர்டு தெருவை மாற்றியதைப் போலவே தெருவும் பாட்டை மாற்றியது. மாவு மில்லின் உறுமல் பேஸ் கிடாருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, தையல் மெஷினின் ஓட்டம் தபேலாவுக்குப் பின்னால் ஓடியது, ஒன்பதாம் லைனை எந்தக் காரணம் கொண்டும் இறக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு எனக்குக் கேட்டாக வேண்டும் என்று டாக்டர் சுகிர்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அந்த லைனில் இருந்த டிரம்ஸ் எல்லாப் பாட்டிலும் நெஞ்சில் இடிக்கிற மாதிரி முன்னால் நின்றது. சாரல் டிரம்ஸ் என்று கோடம்பாக்கத்தில் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். அந்த போர்டுல ஒரு ஈரம் இருக்கு, அந்த போர்டுலதான் எனக்கு வேணும் என்று இசையமைப்பாளர்கள் வரிசையில் நின்றார்கள். மதுரையிலும் திருச்சியிலும் பஸ்ஸில் அந்தப் பாட்டுகளைக் கேட்டுத் தாளம் போட்டவர்களுக்கு, தாங்கள் தாளம் போடுவது ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு என்று தெரியாது.

பிலோமினா முப்பது வருடமாக சினிமாவில் கோரஸ் பாடுகிறவள். பெரம்பூர் சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்தவள். கோரஸ் என்றால் எட்டுப் பெண்கள் ஒரே குரலாக வேண்டும், அவளுக்கு அதுதான் வரவில்லை. எத்தனை தள்ளி நிறுத்தினாலும், மைக்குக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாலும், அவள் குரல் மற்ற ஏழின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "அந்தம்மா குரல் தனியாத் தெரியுது" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது சொல்வார்கள், அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். பாட்டில் காட்ட முடியாததைத் தெருவில் காட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் லாரியில் முந்துகிறவர்கள், குப்பையைப் பதினேழாம் மனையில் கொட்டுகிறவர்கள், சாக்கடை அடைத்தால் மட்டும் காணாமல் போகிற கவுன்சிலர், எல்லோரையும் அவள் நிற்க வைத்துக் கேட்டாள். கேட்டது எல்லாமே நியாயம்தான். நியாயத்தை அவ்வளவு சத்தமாகக் கேட்க யாருக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கோயில் கொடைத் திருவிழா நெருங்கியபோது தெரு நலச் சங்கச் செயலாளர் உலகநாதன் நாலு பேரோடு போய் வல்லியைப் பார்த்தார். கவுன்சிலர் வருகிற அன்றைக்கு மட்டும் பதினேழைக் கொஞ்சம் இறக்கி வைக்க முடியுமா என்று கேட்டார். வல்லி முதலில் தயங்கினாள். பிறகு, அந்தம்மா சண்டை பல பாட்டுகளுக்குள் புகுந்து தனக்கும் தலைவலிதானே என்று நினைத்துக்கொண்டு இறக்கினாள். கொடை முடிந்தது. தெரு அமைதியாக, பேசிப் பழகிய குடும்பம் போல இருந்தது. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்றார் உலகநாதன். பதினேழாம் லைனில் பாட்டின் கோரஸும் இருந்ததால், அதுவும் கூடவே இறங்கி எங்கோ தூரத்துப் பனிக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்டது. இசையமைப்பாளர்கள் அதில் மயங்கிப்போனார்கள். மற்ற ஸ்டுடியோக்களும் கோரஸை அமுக்க ஆரம்பித்தன. அந்த வருடம் தமிழ் சினிமாவில் கோரஸ் பாடிய பெண்கள் எல்லோரும் பனிக்குள் நின்றுதான் பாடினார்கள். துடைக்க வருகிற ஆள் தெரியாமல் நகர்த்திவிடக் கூடாதென்று வல்லி அந்த ஃபேடரின் மேல் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டினாள். சாயங்காலம் எல்லாம் கோட்டுக்கு வரும்போது பதினேழு மட்டும் கீழேயே கிடந்தது. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். பிலோமினாவுக்குத் தெரியாது; வீட்டுக் குக்கர் வழக்கம்போல விசிலடித்ததால் போர்டின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவள் தன் தொண்டை போய்விட்டதென்று நம்பினாள். சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப் பால், வேளாங்கண்ணி எண்ணெய், எதுவும் கேட்கவில்லை. லாரி வரிசையில் அவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது, பக்கத்தில் இருப்பவள்கூடத் திரும்பவில்லை. ஒருநாள் ஸ்டுடியோ வாசலில் வல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசுவதைக் கேட்க வல்லி குனிய வேண்டியிருந்தது.

"தொண்டை போயிடுச்சு வல்லி. டாக்டரு ஒண்ணுமே இல்லேங்குறாரு. குடுத்த கர்த்தரே எடுத்துக்கிட்டாரு போல."

"சரியாயிரும்க்கா," என்றாள் வல்லி. "கொஞ்ச நாள் பேசாம ரெஸ்ட்டா இருங்க."

சொன்னபோது அவள் பிலோமினாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம், எனக்காக வருத்தப்படுகிறாள் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே வல்லி அவளை ஒரு கோரஸுக்குக் கூப்பிட்டாள். எட்டுப் பேரில் ஒருத்தியாக நின்று அவள் வாயை அசைத்தாள், ஏழு குரல் பதிவானது. அன்றைக்குத்தான் முதல்முறையாக யாரும் அவள் குரல் தனியாகத் தெரிகிறதென்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்தப் பாட்டின் கடைசி மிக்சிங் நடந்த அன்று காலையில், தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்த அவளுடைய மகள் ஸ்டெல்லாவுக்கு வலி கண்டது. மருமகன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருந்தான். டாக்டர் சுகிர்தா துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டார், நகர்த்தி வைத்து மறுபடியும் கேட்டார்.

"துடிப்பு கொஞ்சம் மெதுவா இருக்கு பிலோமினா. பயப்படாதீங்க, நான் விடாம கேட்டுக்கிட்டே இருப்பேன். இறங்க ஆரம்பிச்சா உடனே ஆபரேஷன். இறங்கலேன்னா சுகப்பிரசவம்."

பிலோமினா ஏதோ கேட்டாள். டாக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்கத் தெம்பில்லாமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டினாள்.

உச்சி வெயிலில் பிளாஸ்கில் வெந்நீர் வாங்க வெளியே வந்தாள். தெருவில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. மாவு மில்லில் பெல்ட் சுற்றியது, தையல்காரர் காலால் மிதித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து நின்றது, குழாயிலிருந்து தண்ணீர் குடத்துக்குள் விழுந்தது, எதற்கும் சத்தமில்லை. வரிசையில் உலகநாதனின் மருமகள் எல்லோரையும் தாண்டிக் குடத்தை நீட்டுவதைக் கண்டதும் பழக்கதோஷத்தில், யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தே, பிலோமினா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"வரிசையில நில்லும்மா."

அது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. குடங்கள் அப்படியே நின்றன. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. வாய்கள் திறந்து மூடின, ஒரு வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது அங்கேதான் இருந்தது, முன்னைவிடச் சூடாக, முன்னைவிடப் பெரிதாக.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அந்த நேரத்தில் அவள் மகளை மறந்துபோனாள். மாதக் கணக்கில் விழுங்கியதெல்லாம் மேலே வந்தது. லாரிக்காரரைக் கேட்டாள், முந்தியவளைக் கேட்டாள், வீட்டிலிருந்து ஓடிவந்த உலகநாதனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ் உலகநாதா, சங்கம்னு போர்டு மாட்டுனியே, சாக்கடை எடுத்தியா? பதினேழாம் மனையில எலி ஓடுதே, ஒருநாள் எட்டிப் பாத்தியா? நான் கேட்டா மட்டும் உனக்குக் காது வலிக்குது. இப்ப பேசு. பேசுய்யா, பாக்கலாம்."

அவரால் பேச முடியவில்லை. தெருவே பதில் சொல்ல முடியாமல் தலை குனிந்து நின்றது. எதிர்ப்பேச்சே இல்லாமல் பேசுவது இவ்வளவு ருசியா என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. உலகநாதன் ஸ்டுடியோ பக்கமாகக் கையைக் காட்டிக் காட்டி வாயசைத்ததை அவள் பொருட்படுத்தவில்லை. பிறகு யாரோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். டாக்டர் சுகிர்தா, கையுறையோடு, செருப்பில்லாமல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

பிரசவ அறையில் ஸ்டெல்லா வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள், அறை அமைதியாக இருந்தது. டாக்டர் கருவியை அவள் வயிற்றில் வைத்தார், தன் காதைத் தொட்டுக் காட்டினார், கையை விரித்தார். காலையிலேயே மெதுவாகிப்போன துடிப்பு. இப்போது அது நின்றுவிட்டதா, அல்லது தெருவில் எல்லாம் போனதுபோல அதன் சத்தம் மட்டும் போயிருக்கிறதா, அவருக்குத் தெரியவில்லை. துடிப்பு நின்றிருந்தால் இந்த நொடியே வயிற்றைத் திறக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், தாயின் நாடியைக்கூடக் காதில் வாங்க முடியாத இந்த நிலையில் கத்தியை எடுப்பது தாய்க்கே எமனாக முடியும். விரலால் வயிற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கையைத் திருப்பினார். பிறகு பிலோமினாவின் தொண்டையைத் தொட்டார், ஸ்டுடியோ இருந்த திசையைக் காட்டினார். நடுத்தெருவில் ருசி கண்டு நின்ற நேரமெல்லாம் பிள்ளையின் நேரம் என்று பிலோமினாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இரும்மா கண்ணு, தோ வந்துட்டேன்," என்றாள். ஸ்டெல்லாவுக்கு அது கேட்டது. அந்த அறையில் கேட்டது அது ஒன்றுதான்.

ஸ்டுடியோவுக்குள் மிக்சிங் அறைக் கதவுக்கு வெளியே அவளுக்கு முன்பே பாதித் தெரு நின்றது. காலிங் பெல்லை அழுத்தினார்கள், சத்தமில்லை. கதவில் குத்தினார்கள், சத்தமில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஒருமுறை யாரோ தெரியாமல் திறந்து, வல்லி திடுக்கிட்டுக் கை தவறி, ஒரு ஃபேடர் பிய்ந்து வந்துவிட்டது. பதினோராம் வீட்டுக்காரர் இன்றுவரை கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் பேசுகிறார். தெருவே ஊமையாகிக் கிடக்கும் நேரத்தில் அந்தக் கை இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வல்லி!" என்று பிலோமினா கத்தினாள். பஞ்சு அடைத்த சுவர் அதை அப்படியே தின்றுவிட்டது.

கதவின் பிடியில் கையை வைத்தாள். கை நகரவில்லை. முப்பது வருடத்தில் சிவப்பு விளக்கின் கீழ் அவள் இருமியதில்லை, தும்மியதில்லை, வளையல் அசைந்ததில்லை. புருஷன் செபாஸ்தியான் இறந்துபோய்விட்டான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகையில் சொன்ன அன்றுகூட, விளக்கு அணைகிறவரை பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அந்தப் பாட்டும் அவள் குரல் தனியாகத் தெரிகிறதென்று வேறொருத்தியை வைத்துப் பதிவானது. கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பழக்கம்தான். மகளின் திறந்த வாயை நினைத்துக்கொண்டாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே யாருமில்லை. பாட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்து போர்டை அவள் இத்தனை வருடத்தில் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவள். எல்லா ஃபேடர்களும் மேலும் கீழுமாக, பாட்டுக்கு ஏற்றபடி, கோட்டை ஒட்டியே நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் வல்லியின் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். மாவு மில். தையல். டாக்டர். பிலோ அக்கா. அந்தக் கடைசிப் பெயருக்கு மேலிருந்த ஃபேடர் மட்டும் அடிமட்டத்தை ஒட்டிக் கிடந்தது, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப், டேப்பின் ஓரத்தில் அழுக்கு. அந்த அழுக்கு ஒரு நாளில் சேர்ந்ததில்லை.

பக்கத்துச் சின்ன அறையிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்த வல்லி, கதவு திறந்திருப்பதையும் பிலோமினாவையும் அவள் பார்வை இருந்த இடத்தையும் கண்டாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெளிச் சத்தம் எதுவும் நுழையாத அந்த அறையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரு ஊமையானது அதுவரை தெரியாது. தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள், அவள் முகம் வெளுத்தது. ஒரு சமாதானம், ஒரு மன்னிப்பு, எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. பேச முடிந்தவள் பிலோமினா ஒருத்திதான். உலகத்தில் உள்ள எல்லா வார்த்தையும் அவள் கையில் இருந்தது.

"ஒன்பதாம் லைன்," என்றாள் பிலோமினா. "ஸ்டெல்லா உள்ள இருக்கா. புள்ள துடிப்பு கேக்கல. எடுத்து வுடு."

வல்லி போர்டின் மேல் குனிந்தாள். ஒன்பது கோட்டுக்கு மேலேதான் இருந்தது. போர்டில் எங்கும் எந்த விளக்கும் எரியவில்லை. கோரஸில் ஒரு மெல்லிய கரகரப்பு, அது எந்த லைனிலிருந்து வருகிறதென்று மத்தியானம் ஒவ்வொரு லைனாகத் தனியே கேட்டுப் பார்த்ததும், நடுவில் இசையமைப்பாளரிடமிருந்து போன் வந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு லைனை மட்டும் கேட்க வேண்டுமானால் அதன் மேல் சோலோ என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் மற்றதெல்லாம் ஊமை, அந்த ஒன்று மட்டும் பேசும்; ஃபேடர் எவ்வளவு கீழே கிடந்தாலும் சோலோவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அழுத்தியதை எடுக்க மறப்பது மிக்சிங் அறையில் எல்லோரும் செய்கிற தப்பு, மறக்காமல் இருக்கத்தான் பட்டனில் ஒரு சிவப்பு விளக்கு. வல்லி விரல் நுனியால் பட்டன்களைத் தடவிக்கொண்டே போனாள். பதினேழில் விரல் பள்ளத்தில் விழுந்தது. பட்டன் உள்ளே போயிருந்தது. அதன் விளக்கு எப்போதோ ஃபியூஸ் போயிருந்தது.

அவள் பட்டனை எடுக்கவில்லை. பிலோமினாவை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் நீர் நின்றது. பட்டனை எடுத்தால் ஃபேடர் கிடக்கும் இடத்துக்கு அந்தக் குரல் மறுபடியும் போய்விடும். முதலில் ஃபேடரை மேலே தூக்கிவிட வேண்டுமென்று இடது கையால் டேப்பைப் பிய்க்க ஆரம்பித்தாள். டேப் இறுகியிருந்தது, நகத்தில் சின்னச் சின்னத் துண்டாக வந்தது.

பிலோமினாவுக்கு எல்லாம் புரிந்தது. கர்த்தர் எடுக்கவில்லை. யார் எடுத்தார்கள், யாரெல்லாம் அறிந்திருந்தார்கள், எல்லாம் புரிந்தது. இந்த பட்டன் வெளியே வந்தால் தான் என்ன ஆவோம் என்பதும் புரிந்தது. வல்லியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத வுடு. முதல்ல புள்ள."

வல்லியின் கை மறுபடியும் டேப்புக்கே போனது.

"பட்டன வுடுறியா, நான் அமுக்கட்டா?"

வல்லி பட்டனை எடுத்தாள்.

திறந்திருந்த கதவு வழியாகத் தெரு உள்ளே பாய்ந்தது. மாவு மில், லாரி, நாய், பள்ளிக்கூடம், வாசலில் நின்றவர்களின் இத்தனை நேரத்துப் பேச்சு. வல்லி ஒன்பதாம் லைனைத் தவிர எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கீழே இழுத்தாள், ஒன்பதை முடிந்தமட்டும் மேலே தள்ளினாள். சுவரளவு ஸ்பீக்கர்களில் ஸ்டெல்லாவின் அலறல் வந்தது, டிரேயில் கத்தரி வைக்கிற சத்தம் வந்தது, டாக்டரின் மூச்சு வந்தது. வேறொன்றும் வரவில்லை. கருவி தோலில் உராய்ந்து நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. பிலோமினா போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் உதடுகள் மாதாவைக் கூப்பிட்டன, அவளுக்கே அது கேட்கவில்லை.

பிறகு அது வந்தது. முதலில் ஒன்று, இடைவெளி விட்டு இன்னொன்று, பிறகு விடாமல், அவசர அவசரமாக, அந்த போர்டு அதுவரை வாசித்த எந்த டிரம்ஸையும்விடப் பெரிதாக.

"இருக்கு," என்று ஸ்பீக்கரில் டாக்டர் சொன்னார். "நல்லா இருக்கு. தள்ளும்மா ஸ்டெல்லா, தள்ளு."

பிலோமினா வாய்விட்டு அழுதாள். அழுகைக்குச் சத்தம் இல்லை. அழுதுகொண்டே டேப்பைத் தானே பிய்க்க ஆரம்பித்தாள், நகம் மடங்கி ரத்தம் வந்தது, விடவில்லை. வல்லி உதவிக்கு நீட்டிய கையைத் தோளால் தள்ளினாள். கடைசித் துண்டும் வந்த பிறகு ஃபேடரை ஒரு விரலால் மேலே ஏற்றினாள். வெள்ளைக் கோட்டில் நிறுத்தவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே கொண்டுபோய் வைத்தாள்.

வல்லி மற்றவற்றைக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். "அக்கா, நான் வந்து..." என்று தொடங்கினாள்.

"பேசாத," என்றாள் பிலோமினா. குரல் அறை முழுக்க நின்றது.

வெளியே தெரு காத்திருந்தது. திட்டு விழும் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். விழுந்தால் தேவலை என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அவள் உள்ளங்கையை விரித்து, சுருண்டு கிடந்த டேப்பைக் காட்டினாள்.

"இத ஒட்டச் சொன்னது யாரு?"

இப்போது எல்லோருக்கும் குரல் இருந்தது. யாரும் பேசவில்லை. உலகநாதன் தரையைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சாயங்காலத்துக்குள் ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத அழுகை தெருமுனை டீக்கடை வரை கேட்டது. எந்த லைன் என்று யாரும் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் இசையமைப்பாளர் கடைசி மிக்சிங்கைக் கேட்க வந்தார். வல்லி வீங்கிய கண்ணோடு பாட்டைப் போட்டாள். ஏழு பேரின் குரல் மட்டும் பதிவாகியிருந்த கோரஸ் வந்தது, பனிக்குள்ளிருந்து வரவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் வந்தது, அதில் எட்டாவது குரலும் இருந்தது. வாயை மட்டும் அசைத்துவிட்டுப் போன அன்று பாடாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அது பாடியது. இசையமைப்பாளர் கண்ணை மூடிக் கேட்டார், நெற்றியைச் சுருக்கினார், மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்.

"கோரஸ்ல யாரோ ஒருத்தர் குரல் தனியாத் தெரியுதே வல்லி," என்றார். அவர் கை தன்னையறியாமல் பதினேழாம் ஃபேடர் பக்கம் போனது.

வல்லி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக போர்டிலிருந்து எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"தெரியட்டும் சார்," என்றாள்.